பெர்கன் ரயிலில் ஏறிய புத்தகங்கள்



தொலைக்காட்சி வந்தது, வாசிப்பு போயிற்று என்று எல்லா மொழிக்காரர்களும் புலம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் புலம்பல் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு நாட்டை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நாடு நார்வே. மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். இப்சனின் நாடகங்கள், மூங்கின் 'அலறல்' ஓவியம், எட்வர்ட் கிரீகின் இசை என்று அங்கிருந்து உலகத்துக்குப் போனவை ஏராளம். எல்லாவற்றையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

தலைநகர் ஓஸ்லோவிலிருந்து மேற்குக் கடற்கரை நகரமான பெர்கனுக்குப் போகும் பாதை அது. சுமார் 500 கிலோமீட்டர். 1909 நவம்பர் 27 அன்று மன்னர் ஏழாம் ஹோகோன் அதைத் திறந்துவைத்தார். அதற்கு முன்னால் நாட்டின் இரண்டு பெரிய நகரங்களுக்கும் நடுவே மலையும் பனியும் குறுக்கே கிடந்தன. கரையைச் சுற்றிக் கப்பலில் போவதே பலருக்கு வழி. மலையைக் குடைந்துதான் பாதை போட முடிந்தது. கிராவஹால்ஸ் என்ற ஒரு சுரங்கம் மட்டும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாதையின் மிக உயரமான நிலையம் ஃபின்செ, கடல் மட்டத்திலிருந்து 1222 மீட்டர். அந்த ஊருக்கு இன்றுவரை கார் போகும் சாலை கிடையாது. ரயிலில் போக வேண்டும். இல்லையென்றால் நடந்தோ சைக்கிளிலோ பனிச்சறுக்குப் பலகையிலோ போக வேண்டும். இந்த ஊர் நம் கதையில் இரண்டு முறை வரும்.

பாதை திறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்று இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவலை எழுதினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் பெர்கன் ரயிலைக் கொள்ளையடிக்கும் கதை. சொந்தப் பெயரில் போடாமல் யோனத்தான் யார்வ் என்ற புனைபெயரில் போட்டார்கள். நூர்டாலின் அண்ணன் ஹரால்ட் கிரீக் பதிப்பகத்தில் பொறுப்பில் இருந்தவர். அவர் 1923 மார்ச் 24 அன்று, ஈஸ்டர் விடுமுறைக்காக ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 'ஆஃப்டன்போஸ்டன்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு விளம்பரம் கொடுத்தார். பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. நாவலின் தலைப்பே அதுதான். அதைச் செய்தி என்று நம்பிப் பதறிப்போனார்கள் வாசகர்கள். ரயிலில் சொந்தபந்தங்களை ஏற்றி அனுப்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நாவல் விற்றுத் தீர்ந்தது. 1928இல் மௌனப் படமாகவும் வந்தது. நூர்டால் கிரீக் பிறகு நார்வேயின் பெருங்கவிஞர்களில் ஒருவரானார். இரண்டாம் உலகப் போரில் போர்ச் செய்தியாளராகக் குண்டுவீச்சு விமானத்தில் சென்றபோது 1943இல் பெர்லின் வானில் உயிரிழந்தார். இளமையில் ஈஸ்டருக்காக எழுதிய அந்தக் கதையும் அழியாமல் ஒரு பழக்கமாக நாட்டில் நின்றுவிட்டது. இன்றைக்கும் ஈஸ்டர் வந்தால் நார்வேக்காரர்கள் துப்பறியும் நாவல் வாசிக்கிறார்கள். மலையிலுள்ள மரக்குடிலுக்குப் போவார்கள். பகலெல்லாம் பனிச்சறுக்கு, பையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும், இரவில் கொலைக் கதை. பதிப்பகங்கள் அந்தப் பருவத்தைக் குறிவைத்தே நூல்களை வெளியிடுகின்றன. பால் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் குட்டிக் குற்றக்கதை ஒன்றைச் சித்திரக்கதையாக அச்சிடுகிறார்கள். அரசு ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. அந்த வாரத்தில் வானொலியில் துப்பறியும் நாடகமும், தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களும் போடுவது வழக்கம். புத்தகம் தொடங்கிவைத்த பழக்கத்தைத் தொலைக்காட்சி எடுத்துப் பெரிதாக்கி, மறுபடி புத்தகத்திடமே திருப்பித் தந்திருக்கிறது. இந்தப் போக்குவரத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

ஃபின்செயின் முதல் வருகை சினிமாவில். 1979 மார்ச்சில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்துக்காக ஹாலிவுட் குழு அங்கே போய் இறங்கியது. ஹோத் என்ற பனிக்கோளாக அந்த மலைப்பகுதியைக் காட்டுவது திட்டம். பனிப்புயல் பிடித்துக்கொண்டது, வெளியே தலைகாட்ட முடியவில்லை. கதாநாயகன் பனியில் தள்ளாடி நடக்கும் காட்சியை விடுதியின் வாசலிலேயே கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். இரண்டாவது வருகை 2007இல், நாவலில். ஆன்னெ ஹோல்ட் நார்வேயின் நீதி அமைச்சராக இருந்தவர். குற்றப் புனைவில் பெரிய பெயர். அவருடைய '1222' நாவலில் பெர்கன் போகும் ரயில் ஃபின்செக்கு அருகே தடம்புரள்கிறது. பயணிகள் விடுதியில் அடைபடுகிறார்கள். வெளியே புயல், உள்ளே கொலை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஹன்னெ வில்ஹெல்ம்சன் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். நூர்டால் கிரீக் ரயிலில் ஏற்றிவிட்ட குற்றக்கதை 84 ஆண்டுகள் கழித்து அதே பாதையில் வந்து நின்றது.

இப்போது 2009க்கு வருகிறேன். பாதைக்கு நூற்றாண்டு. என்.ஆர்.கே.யின் பெர்கன் அலுவலகத்தில் ரூன மக்லேபுஸ்ட், தாமஸ் ஹெல்லும் முதலியோர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரை ரயில் போகும் பயணம் முழுவதையும், ஒரு நிமிடம்கூட வெட்டாமல் ஒளிபரப்பலாம் என்றார்கள். ஏழு மணி நேரத்துக்கும் மேல். ரயிலின் முகப்பில் ஒரு கேமரா, பக்கவாட்டில் கேமராக்கள், பெட்டிக்குள் பயணிகளுடனும் ஊழியர்களுடனும் சிறிது பேச்சு. வழியில் 182 சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் நுழைந்தால் திரை இருண்டுவிடுமே, என்ன செய்வது? அந்த நேரங்களில் பாதையின் பழைய ஆவணப் படத் துணுக்குகளைக் காட்டினார்கள். இருட்டு வரும்போதெல்லாம் வரலாறு திரைக்கு வந்தது. இதைவிட அழகான படத்தொகுப்பை நான் எந்தப் பெரும் பட்ஜெட் படத்திலும் பார்த்ததில்லை.

2009 நவம்பர் 27 அன்று, திறப்பு விழா நடந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆன நாளில், அது ஒளிபரப்பானது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். ஹெல்லும் பின்னாளில் ஓர் உரையில் ஒரு முதியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முழுப் பயணத்தையும் வீட்டில் அமர்ந்து பார்த்த அவர், ரயில் கடைசி நிலையத்தில் நின்றதும், மேலே வைத்த பெட்டியை இறக்கலாம் என்று எழுந்தாராம். தலை திரைச்சீலைக் கம்பியில் இடித்த பிறகுதான் தாம் இருப்பது வீட்டுக் கூடம் என்பது உறைத்ததாம்.

இது எப்படி நடந்தது? சலிப்பூட்டும் நிகழ்ச்சி ஒன்று எப்படி ஒரு நாட்டைக் கட்டிப்போட்டது? என் எண்ணம் இது: அந்த நிகழ்ச்சி பார்வையாளரை அவசரப்படுத்தவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டவில்லை. ஒரு பண்ணை வீடு வரும், அதன் வாசலில் ஒரு பசு நிற்கும். அந்தப் பசு ஏன் அங்கே நிற்கிறது, யாருடைய பசு, பால் கறந்தாயிற்றா என்று பார்ப்பவர் தாமாகவே யோசிக்கத் தொடங்குவார். நல்ல நாவலை வாசிப்பவர் செய்யும் வேலை அதுதான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து நார்வே மக்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்வேன்.

அதே 2009 இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கார்ல் ஊவே க்னவ்ஸ்கோர் தம் வாழ்க்கையையே எழுதும் ஆறு பாகத் தன்வரலாற்று நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டார். 2011இல் ஆறாவது பாகம் வந்து முடிந்தபோது பக்கங்கள் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தன. தேநீர் போடுவது, குழந்தைக்கு உடை மாற்றுவது, தந்தை இறந்துபோன வீட்டைக் கழுவித் துடைப்பது, எல்லாம் வெட்டாமல் வரும். தந்தை குடித்தே அழிந்த வீட்டைச் சகோதரர்கள் இருவரும் அறை அறையாகச் சுத்தம் செய்யும் பகுதியை முதல் பாகத்தில் வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாத்திரம் தேய்ப்பதைக்கூட இவ்வளவு நீளமாக எழுதலாமா என்று தோன்றும். ஆனால் அந்த நீளத்தில்தான் துக்கம் கனக்கிறது. உறவினர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு, பத்திரிகைச் சண்டை என்று பேச்சு வந்தது. அந்தச் சிறு நாட்டில் பாகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. ஐந்தாம் பாகம் அவர் பெர்கனில் எழுதக் கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றியது. அங்கே எழுத்துப் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் யோன் ஃபோஸ்ஸே. 2023இல் இலக்கிய நோபல் பெற்றவர். நார்வேயின் இரண்டு எழுத்துமொழிகளில் சிறுபான்மையினர் பயன்படுத்தும் நீநோர்ஷ்க்கில் எழுதுபவர். முற்றுப்புள்ளியே வைக்காமல் ஓடும் அவருடைய உரைநடையும் நம்மை அவசரப்படுத்தாது.

ஒரே நாடு, ஒரே காலம். தொலைக்காட்சிக்காரர்களும் எழுத்தாளர்களும் கலந்து பேசித் திட்டம் போடவில்லை. ஆனாலும் இரு பக்கமும் ஒரே நம்பிக்கை தெரிகிறது. சாதாரண வாழ்க்கையை முழு நீளத்தில் காட்டினால் மக்கள் பொறுமையாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை அது.

ரயில் வெற்றி பெற்றதும் என்.ஆர்.கே. கப்பலில் ஏறியது. 2011 ஜூனில் பெர்கனிலிருந்து வடகோடியில் ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்கெனஸ் வரை செல்லும் கடலோரப் பயணிகள் கப்பலை 134 மணி நேரம் தொடர்ந்து நேரலையில் காட்டினார்கள். 32 லட்சம் பேர் அவ்வப்போது பார்த்தார்கள். கப்பல் வரும் துறைமுகங்களில் மக்கள் கொடியோடு திரண்டார்கள். சிறு படகுகள் கூடவே வந்தன.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 2013 பிப்ரவரியில் வந்த விறகு நிகழ்ச்சிதான். காரணம், அதன் வேர் ஒரு புத்தகம். லார்ஸ் மித்திங் என்ற நாவலாசிரியர் 2011இல் விறகைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, காயவைப்பது, எரிப்பது, அவ்வளவுதான் பொருள். எந்த மரம் எவ்வளவு சூடு தரும், கோடரிக் காம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் நுணுக்கமாக வரும். விறகை ஒருவன் எப்படி அடுக்குகிறான் என்பதை வைத்து அவன் குணத்தைக் கணிக்கும் பழைய நாட்டார் நம்பிக்கையும் வரும். குளிரில் வாழும் மக்களுக்கு விறகு உயிர் காக்கும் பொருள். அந்த நூல் நாடெங்கும் விற்றுப் பரவியது. ஆங்கிலத்தில் வந்தபோது பிரிட்டனில் 2016இன் சிறந்த புனைவல்லாத நூலுக்கான பதிப்புத் துறை விருதையும் வாங்கியது. என்.ஆர்.கே. அதை வைத்து 12 மணி நேர நிகழ்ச்சி செய்தது. முதல் நான்கு மணி நேரம் விறகு பற்றிய பேச்சு. மீதி எட்டு மணி நேரம் கணப்பில் நெருப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே குறுஞ்செய்திகள் வந்தன. பட்டை மேலே இருக்கும்படி அடுக்கியது தவறு என்று பாதிப் பேர். கீழே இருக்கும்படி அடுக்கியது தவறு என்று மீதிப் பேர். ஒரு புத்தகம் தன் வாசகர்களை இப்படி ஓர் இரவு முழுக்க வாதிட வைத்ததைவிட வேறென்ன வேண்டும்?

இளைஞர்கள் பக்கம் திரும்புகிறேன். 2015 முதல் 2017 வரை என்.ஆர்.கே. 'ஸ்காம்' என்ற தொடரை வெளியிட்டது. எழுதி இயக்கியவர் யூலியெ ஆன்டெம். ஓஸ்லோவிலுள்ள ஹார்ட்விக் நிசன் பள்ளி மாணவர்களின் கதை. கதையில் செவ்வாய்க்கிழமை மதியம் நடக்கும் காட்சி, செவ்வாய்க்கிழமை மதியமே இணையதளத்தில் வந்துவிடும். வெள்ளிக்கிழமை எல்லாம் சேர்த்து ஒரு பகுதியாகத் தொலைக்காட்சியில் வரும். பாத்திரங்கள் அனுப்பிக்கொள்ளும் குறுஞ்செய்திகளும் தளத்தில் வரும். அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்குகளும் உண்டு. பெரிதாக விளம்பரமே செய்யவில்லை. பெற்றோர்கள் அறிவதற்கு முன்னால் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எழுதுவதற்கு முன் ஆன்டெம் பதின்ம வயதினரிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினார். அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று கேட்டறிந்தார். அதனால்தான் நான்காம் பருவத்தின் நாயகி சனா, தலைமறைப்பு அணிந்த முஸ்லிம் பெண், பிரச்சாரப் பொம்மையாக இல்லாமல் கோபமும் தொழுகையும் காதலும் கொண்ட பெண்ணாக நிற்கிறாள். வேற்று நாட்டு ரசிகர்கள் இரவோடிரவாக வசனங்களை மொழிபெயர்த்துப் பகிர்ந்தார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அது மறு ஆக்கம் கண்டது. ஓஸ்லோவின் பதினாறு வயதுக்காரிக்காக மட்டும் எழுதிய தொடர் அது. அவளை நன்றாக அறிந்து எழுதியதால் மற்றவர்களுக்கும் புரிந்தது. அதன் திரைக்கதைகளும் பின்னர் நூல்களாக அச்சேறின என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இவையெல்லாம் காற்றில் முளைத்தவை இல்லை. 1965 முதல் நார்வேக் கலை மன்றம் ஓர் ஏற்பாட்டை நடத்திவருகிறது. தரத் தேர்வில் தேறும் புதிய நார்வேஜிய இலக்கிய நூல்களைத் தலைப்புக்கு நூற்றுக்கணக்கான பிரதிகளாக அரசுச் செலவில் வாங்கி நாடெங்கும் பொது நூலகங்களுக்கு அனுப்புகிறது. எவ்வளவு வடக்கே, எவ்வளவு சிறிய மீனவ ஊராக இருந்தாலும் புதுக் கவிஞரின் முதல் தொகுப்பு அங்கே போய்ச் சேரும். எழுத்தாளருக்கு உரிமைத் தொகை நிச்சயம். பதிப்பாளருக்கு அச்சுச் செலவு பற்றிய பயம் குறைவு. அச்சு நூல்களுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. தேசிய நூலகம் 2006இல் தன் சேகரிப்பு முழுவதையும் மின்வடிவாக்கும் பணியைத் தொடங்கியது. உரிமைதாரர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இருபதாம் நூற்றாண்டு நூல்களை நாட்டிலுள்ள எவரும் வீட்டிலிருந்தே வாசிக்க வழிசெய்தது. என்.ஆர்.கே.யும் பொதுமக்கள் பணத்தில் நடப்பது. விளம்பர இடைவேளைக்காக ரயிலை நடுவழியில் நிறுத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. எண்ணெய் வளம் உள்ள நாடு, பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் நூல் வாங்கும் ஏற்பாடு வந்தது 1965இல். வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969இல். இந்த வரிசையை மறக்கக் கூடாது.

குறையும் சொல்ல வேண்டும். இந்தப் பொறுமையும் கவனமும் நார்வேயின் எல்லா மக்களுக்கும் கிடைக்கவில்லை. வடக்கே வாழும் சாமி பழங்குடியினரின் மொழியையும் பண்பாட்டையும் அரசு பல தலைமுறைகளாக ஒடுக்கியது. பள்ளியில் பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. அந்தக் கொடுமையை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2023இல்தான் அறிக்கை தந்தது. சாமி மொழியில் முழுநீளக் கதைப்படம் 1987இல்தான் வந்தது. நில்ஸ் கௌப் இயக்கிய அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2017இல் என்.ஆர்.கே. சாமி மேய்ப்பர்களின் கலைமான் மந்தை கடற்கரை மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் பயணத்தை நேரலையாகக் காட்டியது. மான்கள் நினைத்த வேகத்தில் நகரவில்லை. ஒளிபரப்பை இடையில் நிறுத்திவைத்து மந்தைக்காகக் காத்திருந்தார்கள். ரயிலுக்கு அட்டவணை உண்டு, மானுக்குக் கிடையாது. அந்த மேய்ப்பர்களின் நேரக்கணக்குக்கு ஒரு தேசியத் தொலைக்காட்சி கட்டுப்பட்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆனால் அது மிகத் தாமதமாக வந்த மரியாதை.

நமக்கும் நார்வேக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். க.நா. சுப்ரமண்யம் க்னுட் ஹாம்சுனின் 'நிலவள'த்தைத் தமிழில் தந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டைத் திருத்திக் குடியேறும் ஒரு மனிதனின் கதையை நம் தலைமுறை அவர் வழியாகத்தான் அறிந்தது. ஹாம்சுன் பின்னர் நாஜிகளை ஆதரித்தார். தமக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கே கொடுத்தார். அந்தக் களங்கத்தோடு சேர்த்துத்தான் அவரை வாசிக்க வேண்டும். யொஸ்டைன் கார்டெரின் 'சோஃபியின் உலகம்' ஆர். சிவகுமாரின் மொழிபெயர்ப்பில் நம்மிடம் இருக்கிறது. கார்டெர் பெர்கனில் பல ஆண்டுகள் தத்துவம் கற்பித்தவர் என்பதால் அந்தப் புத்தகத்தையும் நம் ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த நாவலும் நார்வேயில் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இன்னொரு உறவு இன்னும் நெருக்கமானது. 134 மணி நேரக் கப்பல் ஒளிபரப்பில் கடந்துபோன வடகோடிக் கரையில், ஃபின்மார்க்கின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில், 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நார்வேஜியப் பள்ளிகளில் படித்தார்கள். அந்த மொழியில் கனவு காண்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். க.நா.சு. தலைமுறைக்கு ஐரோப்பிய இலக்கியம் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கிடைத்தது. இன்று அந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஃபோஸ்ஸேயையும் க்னவ்ஸ்கோரையும் மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்கள் ஓஸ்லோவிலும் பெர்கனிலும் இருக்கிறார்கள். நோர்லா என்ற நார்வேஜிய இலக்கிய அமைப்பு 1978 முதல் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்பு நிதி வழங்குகிறது. நம் பதிப்பாளர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, தமிழ் உரைநடையில் தேர்ந்த ஆசிரியர் ஒருவரோடு ஓராண்டு உட்கார வைக்க வேண்டும். அந்த ஓராண்டுக்கான உதவித்தொகையை இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று பொறுப்பாளர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் நூலாக எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், ஆன்னெ ஹோல்டின் '1222' என்பேன். இளம் மொழிபெயர்ப்பாளருக்குக் கை பழக அது ஏற்ற நூல். ஒரு ஈஸ்டர் விடுமுறைக்குள் வாசித்தும் முடிக்கலாம்.